பாட்டியின் காலக்கணக்கு

தோட்டத்தில் வாழ்ந்து முதிர்ந்த பாட்டி ஒருவரிடம், "நீங்கள் எந்த ஆண்டு பிறந்தீர்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்டால், ஆண்டு விடையாக வருவதில்லை. "கப்பல் ஏறறப்போ எனக்குப் பத்துப் பதினொரு வயசு இருக்கும்" என்பார். "பெரியப்பா எப்போது பிறந்தார்?" என்றால், "ஜப்பான்காரன் போன மறுவருசம்" என்பார். "இந்தத் தோட்டத்துக்கு எப்போது வந்தீர்கள்?" என்றால், "பழைய தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்போ" என்பார். பேரப்பிள்ளை எழுதுகோலும் கையுமாக விழிப்பான். பாட்டிக்கு ஒன்றும் நினைவில்லை என்று முடிவு கட்டித் தாளை மடித்து வைத்துவிடுவான்.

குறை பாட்டியிடம் இல்லை. அவரிடம் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. அதைப் படிக்கும் பயிற்சிதான் நம்மிடம் இல்லை.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் பழைய கல்வெட்டுகளிலும் இன்று நாம் வழங்கும் ஆண்டு இல்லை. இன்ன மன்னனுக்கு யாண்டு இத்தனை என்றே அவை கூறும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டில், 275ஆம் நாளில் என்று அக்கோயில் கல்வெட்டுப் பொறித்துள்ளது. அவன் அரசேறியது 985ஆம் ஆண்டு என்று கண்டறிந்த பின்னரே, அக்குடம் ஏறியது 1010ஆம் ஆண்டில் என்று அறிஞர் கூற முடிந்தது. கல்வெட்டில் ஆண்டு இல்லை என்று எவரும் அதை ஒதுக்கவில்லை. அரசன் எப்போது அரசேறினான் என்று தேடினார்கள். அதே தேடலைப் பாட்டியின் சொல்லுக்கும் செய்தால், தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் வரலாறு முறையாக எழுந்து நிற்கும்.

அதனை இங்குச் செய்து பார்ப்போம். இக்கட்டுரையில் வரும் பாட்டி தனியொருவர் அல்லர். 1926ஐ ஒட்டித் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1937இல் பெற்றோருடன் மலாயாவுக்கு வந்து, பால்மரம் வெட்டியே வாழ்ந்து முடிந்த ஒரு தலைமுறைப் பெண்களை ஒரே உருவாக வைத்துக்கொள்கிறோம். அவருக்குப் பெயரிடத் தேவையில்லை. படிப்பவர் தத்தம் வீட்டுப் பாட்டியின் பெயரை இட்டுக்கொள்ளலாம்.

கப்பல் ஏறிய காலம்

"கப்பல் ஏறினேன்" என்பது பாட்டியின் கணக்கில் முதல் யாண்டு. அதனை ஆண்டாக மாற்றும் வழி யாது? எந்த ஊர்க் கரையில் ஏறினார், கப்பல்கூலி யார் கொடுத்தார், ஏறுமுன் எங்கே தங்கினார் என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

மலாயாவில் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து நடந்து வந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1907இல், தோட்ட முதலாளிகளிடம் தண்டிய தொகையைக் கொண்டு ஒரு குடிவரவு நிதி ஏற்பட்டிருந்தது. அந்த நிதியிலிருந்து கப்பல்கூலி கொடுக்கப்பட்டது. கங்காணி தம் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்து வருவார். பிற்காலத்தில், முன்னே வந்த உறவினரை நம்பித் தாமாகவே முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களும் பலர். திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் தொகை பெரிது. அவர்கள் சென்னையை அடுத்த ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்க வைக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டது, உடல் சோதிக்கப்பட்டது. பின்னர்க் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம். பினாங்கில் இறங்கியோர் புலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்த பின்னரே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர்.

இந்தப் பயணத்துக்கு ஒரு கடைசி நாள் உண்டு. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள், மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஆகவே, "முகாமில் தங்கினோம், கப்பலுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை" என்று பாட்டி சொன்னால், அவர் அந்த நாளுக்கு முன்னர் வந்தவர் என்று துணியலாம். "ரஜூலாவில் வந்தோம்" என்று மட்டும் சொன்னால் அது போதாது. அக்கப்பல் 1926 முதல் 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை இரு கரைகளுக்கும் இடையே ஓடியது. தம் செலவில் வந்தவர்களையும் ஊர் பார்க்கச் சென்று மீண்டவர்களையும் சுமந்தது.

1938ஆம் ஆண்டுத் தடைக்கு ஒரு காரணம் கூலிக்குறைப்பு. 1937இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. 1938இல் ரப்பர் விலை சரிந்ததைக் காட்டி அதனை 45 காசாகவும் 36 காசாகவும் குறைத்தனர். இரண்டு மூன்று ஆண்டு உழைத்துவிட்டுக் கையில் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்புவோம் என்று வந்த குடும்பங்கள், திரும்பினால் மீண்டும் வர இயலாதோ என்று அஞ்சின. பலர் இங்கேயே தங்கினர். பாட்டியின் பெற்றோர் இந்த நாட்டில் குடியேற வேண்டும் என்று ஒருநாள் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் அல்லர். சட்டம் ஒருபுறமும் கூலி ஒருபுறமும் நின்று அவர்களுக்காக முடிவு செய்தன.

பிரட்டும் பால்காடும்

பாட்டியின் கணக்கில் ஆண்டுகள் இல்லை. ஆனால் நாள் மிகத் துல்லியமாக இருக்கிறது. விடியுமுன் தப்பு அடிக்கும் ஓசை, அல்லது மணியோசை. லயத்துப் பெண் அதற்கும் முன்னரே எழுந்து அடுப்பு மூட்டியிருப்பாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பாள். கிராணியார் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்த பின்னரே அந்த நாள் அவளுக்கு நாளாயிற்று. பிந்தி வந்தால் பெயர் இல்லை. பெயர் இல்லையேல் கூலி இல்லை.

அவ்வளவு விடியலில் ஏன் போக வேண்டும்? குளிர்ந்த வேளையில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்து வெட்டு விரைவில் உறைந்துவிடும். தலைவிளக்கின் ஒளியில், ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு, சில நூறு மரங்களை அவள் வெட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முதல்நாள் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையிலிட்டு, பட்டையை மெல்லிய சீவலாக, இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த சாய்வில் வெட்டி, மங்கைத் துடைத்து வைக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் பட்டைக்குள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பின்னால் அந்த மரத்தில் நேராக வெட்ட முடியாது. மேலாக வெட்டினால் பால் வராது. இடையில் இருப்பது மயிரிழை அளவு. இந்த அளவைக் கண்ணால் அன்று, கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். "படிக்காத கூலி" என்று ஏடுகளில் எழுதப்பட்டவளிடம் இருந்த தேர்ச்சி அது.

வெயில் ஏறும்போது மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாவில் தூக்கித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். அங்கு நிறுவை, பாலில் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்ற சோதனை. மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வேலை இல்லை, கூலியும் இல்லை. ஆதலால் பாட்டிக்கு மழை என்பது வேறு பொருள் உடையது. ஊரில் மழைக்காக வேண்டியவர், இங்கு விடியலில் மழை வேண்டாம் என்று வேண்டினார்.

பள்ளி இருந்ததா? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். களைபிடுங்கிச் சில காசு சேர்க்கவும் கை வேண்டும். மூத்த பெண்ணின் படிப்பே முதலில் நின்றது. பின்னால் பாட்டி கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்ததன் காரணம் இதுவே.

இக்காலத்துக்கும் ஒரு திறவுகோல் உண்டு. "சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது" என்று கிள்ளான் வட்டாரத்து முதியோர் சொன்னால், அது 1941. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூட வேண்டும், மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. மிதிவண்டியிலிருந்து இறங்காதிருக்கும் உரிமைக்காகவும் அன்று தொழிலாளர் நின்றனர் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஜப்பான் காலம்

பாட்டியின் கணக்கில் மிக நீண்ட காலம் இதுவே. நாட்காட்டிப்படி அது மூன்றரை ஆண்டு. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது.

ரப்பர் வாங்க ஆளில்லை. மரம் வெட்டுவது நின்றது, கூலி நின்றது. அரிசி மறைந்தது, மரவள்ளிக் கிழங்கு சோறாயிற்று. துணி இல்லாமல் சாக்கை உடுத்தினர். வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்து, 1945இல் வெறும் காகிதமாயிற்று. இவற்றைப் பாட்டிமார் சலிக்காமல் சொல்வர். ஆனால் ஒன்றை மட்டும் மெல்லவே சொல்வர், சிலர் சொல்வதேயில்லை. அது சயாம் ரயில்பாதை.

சயாமில் பான்போங் அருகிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையும் காடும் ஊடறுத்து, 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் அப்பாதை முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மடிந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு தொகையினர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் பல்லாயிரக் கணக்கில் சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லிச் சிலரை அழைத்தனர். லயத்தைச் சுற்றி வளைத்துச் சிலரை ஏற்றினர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. போர்க்கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தனர், கட்டுப்பாடும் இருந்தது. தோட்டத்திலிருந்து சென்றவர்களுக்கு மருத்துவரும் இல்லை, பெயர் எழுதி வைப்பாரும் இல்லை.

இன்றும் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெயர் தெரிந்தோர் கல்லில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் வெட்டப்பட்டுள்ளன. தோட்டத் தமிழருக்கு அத்தகைய கல் வரிசை இல்லை. பாட்டியின் தகப்பனார் அங்கே போனவராக இருந்தால், அவர் இறந்த நாள் எந்த ஏட்டிலும் இராது. பாட்டியின் தாயார் தாலியை எப்போது கழற்றுவது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்திருப்பார். போர் முடிந்து திரும்பியவர்களில் ஒருவர் லயத்து வாசலில் வந்து சொன்ன சொல்லே இறப்புச் சான்றிதழ். அந்தச் சொல்லைச் சுமந்தவர் பாட்டி. அவர் வாய் திறவாமல் போனால் அந்த மனிதர் இரண்டாம் முறை மறைகிறார்.

அதே ஆண்டில் வேறொரு வழியும் சில பெண்களுக்குத் திறந்தது. 1943இல் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதில் சேர்ந்தவர்களில் தோட்டத்துப் பெண்கள் பலர். அதுவரை துரைக்கு முன் தலை நிமிராதவர்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர். ஒரே லயத்தில் ஒரு வீட்டு ஆண் ரயில்பாதைக்கும், அடுத்த வீட்டுப் பெண் படைக்கும் போன காலம் அது.

"ஜப்பான்காரன் போன மறுவருசம் மூத்தவன் பிறந்தான்" என்பதன் ஆண்டு இப்போது தெளிவாகும். 1946.

முள்வேலிக் காலம்

"லயத்தைச் சுற்றிக் கம்பி போட்டாங்களே, அப்போ" என்று பாட்டி சொல்வது அவசரகாலம். 1948 ஜூனில் அது அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31இல் முடிந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி கட்டியது, பெரும்பாலும் 1950ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பின்னர். காட்டிலுள்ளோருக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தனர். வாயிலில் சோதனை செய்தனர். கடுங்கட்டுப்பாடு இருந்த இடங்களில் பால்காட்டுக்குச் சோறு கொண்டுபோகவும் தடை இருந்தது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போனவர் வேலை முடிந்து திரும்பியே உண்ண வேண்டியதாயிற்று.

இக்காலம் பாட்டிக்கு ஒரு புதிய பொருளைக் கொடுத்தது. 1948இல் தொடங்கி, பன்னிரண்டு வயதை எட்டிய அனைவருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதில் படம் உண்டு. பெருவிரல் ரேகை உண்டு. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதற்படம் அதுவே. பழைய பெட்டியின் அடியில் அப்படி ஓர் அட்டை கிடைத்தால், பாட்டியின் இளமை முகத்தை அதில்தான் காண முடியும்.

கொரியப் போரினால் 1950, 1951இல் ரப்பர் விலை விண்ணை எட்டியது. "பால் விலை ஏறின காலம்" என்று அதற்குப் பெயர். 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 1954இல் பல தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயிற்று. சந்தாச் சீட்டு, சேமநிதிச் சீட்டு என்று பாட்டியின் பெட்டியில் தாள்கள் சேரத் தொடங்கின.

மெர்டேக்காவும் இரு நிற அட்டையும்

1957 ஆகஸ்ட் 31. இந்த ஒரு நாள் மட்டும் பாட்டியின் கணக்கும் நாட்காட்டியும் ஒன்றாகச் சேர்கின்றன. ஆனால் பாட்டியின் காலக்கணக்கு அவருக்கே இடராக நின்றதும் இங்குத்தான்.

விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் இம்மண்ணில் பிறந்த குழந்தைக்குப் புதிய அரசமைப்பு குடியுரிமையைப் பிறப்பிலேயே கொடுத்தது. வெளியே பிறந்து இங்கு வாழ்ந்தவர் விண்ணப்பம் செய்ய வேண்டும். முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். எளிய அளவில் மலாய்மொழி அறிந்திருக்க வேண்டும். பாட்டி அப்போது இருபது ஆண்டு இங்கு வாழ்ந்தவர். தகுதி இருந்தது. ஆனால் விண்ணப்பத் தாள் அவருடைய கணக்கில் பேசவில்லை. பிறந்த நாள் எது, வந்த நாள் எது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தத் தோட்டம் என்று அது கேட்டது. அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கப்பல் ஏறியதைத் தெரிந்த தகப்பனார் சயாமில் போய்விட்டார். பழைய தோட்டத்துச் செக்ரோல் அவர் கையில் இல்லை. விண்ணப்பத்துக்காக ஒருநாள் பட்டணம் போனால் ஒருநாள் கூலி போயிற்று. "இருபது வருசம் இருந்துட்டோம், இனி யார் நம்மைப் போகச் சொல்லப் போறாங்க?" என்று இருந்துவிட்டவர் பலர்.

குடிமகனுக்கு நீல அட்டை. நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டை. ஒரே கூரையின் கீழ்ப் பேரப்பிள்ளைக்கு நீலமும் பாட்டிக்குச் சிவப்புமாக இருந்த வீடுகள் உண்டு. அந்த நிற வேற்றுமையின் விலை 1969இல் தெரிந்தது. முந்திய ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. "பர்மிட் காலம்" என்று தோட்டத்து முதியோர் சொல்வது இதனையே. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். வாழ்நாள் முழுதும் இங்கு உழைத்தவர், தாம் விட்டு வந்தபோது சிறுமியாக இருந்த ஊருக்கு முதியவளாக இறங்கினார். அங்கே அவரைத் தெரிந்தவர் இல்லை. பெற்ற பிள்ளைகளில் சிலர் அக்கரையிலும் சிலர் இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் அவ்வாறே தோன்றின.

சிவப்பு அட்டையின் கதை அத்தோடு முடியவில்லை. அறுபது வயதைக் கடந்த இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்குவதாக அரசு அறிவித்தது 2018இல். விடுதலை பெற்று அறுபத்தோர் ஆண்டு கழிந்திருந்தது. ஓர் ஆண்டைச் சொல்லத் தெரியாத குறைக்கு இவ்வளவு நீண்ட நிழல்.

துண்டாடிய காலம்

மெர்டேக்காவுக்குச் சற்று முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிச் சிறு உடைமையாளருக்கு விற்றனர். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு லயம் எதற்கு, பள்ளி எதற்கு, மருத்துவமனை எதற்கு? வேலை போனது, வேலையோடு வீடும் போனது. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். ஆகவே "துண்டு போட்டு வித்தப்போ" என்றால் பெரும்பாலும் 1950ஆம் ஆண்டுகள், அல்லது 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கம். எந்தத் தோட்டம் என்று தெரிந்தால் ஆண்டை இன்னும் நெருங்கிச் சொல்லலாம்.

இதற்கு மாற்றாக வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதனைத் தவணையில், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கட்டினர். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்கு வாங்கப்பட்டது. கோழி விற்ற காசும் சீட்டுப் பிடித்த காசும் அந்தப் பத்து வெள்ளியில் இருந்தன. நாள் தவறாமல் தோட்டத்தின் செக்ரோலில் பெயர் எழுதப்பட்டவள், தோட்டத்தில் பங்குடையவளாக முதன்முறை பெயர் எழுதப்பட்டது அந்தப் பங்குச் சீட்டில்தான். பாட்டிமார் அதைப் பத்திரமாக வைத்திருப்பதில் வியப்பில்லை.

அதன்பின் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. மரம் வெட்டும் கைத்தேர்ச்சிக்கு அங்கு வேலை இல்லை. பெண்மக்கள் தொழிற்சாலைகளுக்குப் போயினர். பிள்ளைகள் பட்டணம் சேர்ந்தனர். பட்டணத்தை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் இடிந்தது. கோயிலும் பள்ளியும் சில இடங்களில் எஞ்சின. சில இடங்களில் பள்ளி மட்டும் பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கி வேறிடம் பெயர்ந்தது. தோட்டம் இருந்ததற்கு இன்று பள்ளியின் பெயர்ப்பலகையே சான்று என்ற இடங்களும் உள.

கேட்க வேண்டிய முறை

1937இல் வந்த தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆனால் அவர்களிடம் கேட்டு வளர்ந்த மகளிரும் மக்களும் எழுபதும் எண்பதும் வயதினராக நம்மிடையே உள்ளனர். கட்டுரைப் பாடத்தில் "என் பாட்டி" என்ற தலைப்பை ஆசிரியர்கள் பல்லாண்டாகக் கொடுத்து வருகிறோம். "என் பாட்டி அன்பானவர், எனக்குக் கதைகள் சொல்வார்" என்று மாணவர் எழுதித் தருகிறார்கள். அந்தக் கதை என்ன என்று நாம் கேட்பதில்லை.

இனி இவ்வாறு செய்து பார்க்கலாம். முதலில், ஆண்டைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்கச் செய்ய வேண்டும். கப்பலா, இங்கேயே பிறப்பா. கம்பிவேலிக்கு முன்னா பின்னா. பர்மிட்டின்போது எங்கே இருந்தார் என்பன போன்ற கேள்விகளுக்குப் பாட்டியும் தாத்தாவும் தடையின்றி விடை தருவர். அடுத்து, பாட்டியின் சொல்லை ஒரு பக்கமும் அதற்குரிய ஆண்டை எதிர்ப்பக்கமும் மாணவர் எழுத வேண்டும். மூன்றாவதாக, பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். பழைய அடையாள அட்டை, சேமநிதிச் சீட்டு, சங்கச் சந்தாச் சீட்டு, கூட்டுறவுப் பங்குச் சீட்டு ஆகியவற்றில் தேதி இருக்கும். வாய்ச்சொல்லும் தாளும் முரண்பட்டால் உடனே தாளே சரி என்று கொள்ளலாகாது. பிறந்த தேதி அறியாதவர் பலருக்கு, எழுதியவர் உத்தேசமாக ஒரு நாளைக் குறித்ததுண்டு. இரண்டையும் எழுதி வைத்து, எது பொருந்துகிறது என்று ஆராய்வதே வரலாற்றுப் பயிற்சி. இறுதியாக, அவர் சொல்லத் தயங்கும் இடத்தில் வற்புறுத்தலாகாது. சயாம் என்ற சொல்லுக்குப் பின் அவர் வாய் மூடினால், அந்த மௌனத்தையும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

இப்படி எழுதிய ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஏட்டில் மதிப்பெண் பெற்று முடிந்துவிடக் கூடாது. பள்ளியில் ஒரு தனி ஏடு திறந்து அதனைச் சேர்த்து வைக்க வேண்டும். பாட்டியின் பெயரை இதுகாறும் எழுதி வைத்தவர்கள் அவருடைய நாள்கூலிக்காகவே எழுதினார்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை இராத்தல் பால், எவ்வளவு பற்று என்பதற்கு மேல் அந்த ஏட்டுக்கு அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அவர் தகப்பனார் எங்கே போனார் என்று அது கேட்கவில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன் கோபுரத்தில் ஏறிய குடத்துக்கு ஆண்டும் நாளும் கண்டோம். அறுபது எழுபது ஆண்டுக்கு முன் தோளில் பால்வாளி சுமந்தவருக்கு ஆண்டு காண்பது அதைவிடக் கடினமன்று. கல்வெட்டைப் படிக்க நாம் கல்லிடம் போக வேண்டியிருந்தது. இவரைப் படிக்கப் பக்கத்து அறைக்குப் போனால் போதும். ஆனால் கல்லைப்போல் இவர் காத்திருக்க மாட்டார்.